கேட்காத திசை: அணு உலைக் குழாய்களும் கணினிக் கணக்குகளும்

அணு உலை விபத்து என்றதும் செர்னோபில், ஃபுகுஷிமா என்றுதான் மனசு ஓடும். இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றி இல்லை. யாரும் சாகாத, எந்த ஊரையும் காலி செய்ய வேண்டிவராத இரண்டு சம்பவங்களைப் பற்றி எழுதப்போகிறேன். ஒன்று, 2012-ல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள சான் ஓனோஃப்ரே நிலையத்தில் நடந்தது. அங்கே விரல் பருமனுள்ள ஒரு குழாய் தேய்ந்து ஓட்டையானது. இன்னொன்று, 1995-ல் ஜப்பானின் மொன்ஜு உலையில் நடந்தது. அங்கே வெப்பமானியின் உறை ஒன்று முறிந்தது. பார்க்கப்போனால் இரண்டுமே சின்னப் பழுது. ஆனால் சான் ஓனோஃப்ரே அதற்குப் பிறகு ஓடவே இல்லை; மொன்ஜு பதினாலு வருஷத்துக்கு மேல் முடங்கிக் கிடந்தது.

நான் அணுசக்தித் துறைக்காரன் இல்லை, மென்பொருள் பொறியாளன். "சிமுலேஷன் போட்டுப் பார்த்துவிட்டோம், பிரச்சினை இல்லை" என்று ஒரு பொறியாளர் சொல்லும்போது அதற்கு உண்மையில் என்ன அர்த்தம் என்று தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் இவற்றைப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒரு ஒற்றுமை கண்ணில் பட்டது. இரண்டு இடத்திலும் அதிர்வுக்கான கணக்கு போடப்பட்டிருந்தது. இரண்டு இடத்திலும் அந்தக் கணக்கு ஒரு திசையைப் பார்த்தது. உலோகம் வேறு திசையில் ஆடியது.

அது எப்படி நடந்தது என்று புரிய, முதலில் கொஞ்சம் இயற்பியல் தேவை. பயப்பட வேண்டாம், சமன்பாடு எதுவும் எழுதப்போவதில்லை.

திரவமும் திண்மமும் ஒன்றையொன்று ஆட்டுவது

தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ரப்பர் டியூபைப் பாருங்கள். குழாயை மெதுவாகத் திறந்தால் சும்மா கிடக்கும். முழுசாகத் திறந்துவிட்டு நுனியைக் கையிலிருந்து விட்டால் பாம்பு மாதிரித் துள்ளும். தண்ணீர் டியூபைத் தள்ளுகிறது, டியூப் வளைகிறது. வளைந்ததால் தண்ணீர் போகும் பாதை மாறுகிறது. பாதை மாறியதால் தள்ளும் விசையும் மாறுகிறது. யார் யாரை ஆட்டுகிறார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. யாழ்ப்பாணப் பக்கம் பட்டத்தில் 'விண்' கட்டி விடுவார்களே, அந்த நாடா காற்றில் அதிர்ந்து பாடுவதும் இதே சங்கதிதான்.

இப்படித் திரவமும் திண்மமும் ஒன்றையொன்று பாதித்துக்கொண்டே இருப்பதைத் திரவ-கட்டமைப்பு ஊடாட்டம் என்பார்கள். அணு உலைக்குள் இது எல்லா இடத்திலும் உண்டு. எரிபொருள் கோல்கள், வெப்பமானி உறைகள், நீராவி உண்டாக்கும் கலத்தின் ஆயிரக்கணக்கான குழாய்கள் எல்லாமே வேகமாக ஓடும் தண்ணீரிலோ நீராவியிலோ சோடியத்திலோ வருஷக்கணக்கில் நின்றுகொண்டிருப்பவை.

ஒரு குழாயைத் திரவம் ஆட்டும் வழிகளில் மூன்று முக்கியம்.

முதலாவது, கொந்தளிப்பு. ஓட்டத்தில் எப்போதும் ஒழுங்கில்லாத சின்னச் சின்ன அடிகள் இருக்கும். குழாய் லேசாக நடுங்கிக்கொண்டே இருக்கும். இதைத் தவிர்க்க முடியாது. மெதுவான தேய்மானம்தான் விளைவு என்பதால், எத்தனை வருஷம் தாங்கும் என்று கணக்குப் போட்டு வாழலாம்.

இரண்டாவது, சுழல். ஒரு கம்பியைக் கடந்து திரவம் போகும்போது பின்னால் இடது, வலது என்று மாறி மாறிச் சுழல்கள் உதிரும். இதைக் கார்மான் சுழல் வரிசை என்கிறோம். சுழல் உதிரும் தாளமும் கம்பியின் இயல்பான அதிர்வெண்ணும் பொருந்திவிட்டால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளிவிடுகிற மாதிரி ஆகிவிடும்.

மூன்றாவது, திரவ-மீள்தன்மை நிலைகுலைவு. பெயர் பயமுறுத்துகிறது, விஷயம் எளிது. நிறையக் குழாய்கள் நெருக்கமாக நிற்கின்றன. ஒரு குழாய் துளி நகர்ந்தால் பக்கத்து இடுக்கில் ஓட்டம் மாறுகிறது. அந்த மாற்றம் குழாயை இன்னும் நகர்த்துகிறது. வேகம் ஒரு எல்லைக்குக் கீழே இருக்கும்வரை உராய்வும் தணிப்பும் அந்தச் சக்தியை விழுங்கிவிடும். எல்லையைத் தாண்டிய உடனே விழுங்க முடியாமல் போகிறது. ஆட்டம் தடாலென்று ஏறுகிறது. கொந்தளிப்பால் வரும் தேய்மானம் வருஷங்கள் எடுக்கும் என்றால், இது மாதங்களில் வேலையை முடித்துவிடும்.

அந்த எல்லை வேகத்தைக் கணக்கிட 1970-ல் கானர்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் கொடுத்த சூத்திரம்தான் இன்றுவரை வடிவமைப்பின் அடிப்படை. வார்த்தையில் சொன்னால்: குழாயின் இயல்பு அதிர்வெண் இரண்டு மடங்கானால் எல்லை வேகமும் இரண்டு மடங்காகும். தணிப்பு பாதியாகக் குறைந்தால் எல்லை வேகம் 100-லிருந்து ஏறக்குறைய 71-க்கு இறங்கும். ஆகவே குழாயை அடிக்கடி தாங்கி கொடுத்துப் பிடித்து வைக்க வேண்டும் (அதிர்வெண் கூடும்), ஓட்டத்தின் வேகத்தை அடக்க வேண்டும், தணிப்பை விட்டுவிடக் கூடாது.

கணினியில் இதை எப்படிச் செய்கிறார்கள்

முறையாகச் செய்வதென்றால் இரண்டு மென்பொருள் வேண்டும். ஒன்று, திரவ ஓட்டத்தைக் கோடிக்கணக்கான சின்னக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் வேகமும் அழுத்தமும் கணக்கிடுகிறது. மற்றது, உலோகத்தை அதேபோலத் துண்டுகளாக்கி, எந்த விசைக்கு எவ்வளவு வளைகிறது என்று சொல்கிறது. ஒவ்வொரு காலப்படியிலும் முதலாவது அழுத்தத்தைக் கொடுக்கும், இரண்டாவது, இடப்பெயர்ச்சியைத் திருப்பிக் கொடுக்கும், திரவத்தின் கட்டங்கள் அதற்கேற்ப நெளியும், மறுபடியும் முதலிலிருந்து.

மென்பொருள்காரர்களுக்கு இது பழக்கமான ஏற்பாடு. இரண்டு சர்வீஸ்கள், நடுவில் ஒரு இன்டர்ஃபேஸ். ப்ரீசைஸ் என்ற திறமூல நூலகம் இந்த நடுவேலையைச் செய்கிறது. ஓபன்ஃபோம், கால்குலிக்ஸ் இரண்டையும் அதன் வழியாக இணைத்து, ஒரு கால்வாயில் நிற்கும் ரப்பர்த் தகடு ஆடுவதை என் லேப்டாப்பிலேயே ஓட்டிப் பார்த்தேன். இதில் ஒரு வேடிக்கை உண்டு. திரவத்தின் அடர்த்தியும் திண்மத்தின் அடர்த்தியும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும்போது, படிக்கு ஒரே ஒரு தடவை தகவல் பரிமாறினால் கணக்கு வெடித்துவிடும். காலப்படியைச் சிறிதாக்கினால் சரியாகும் என்று நினைப்போம், ஆகாது. ஒரே படிக்குள் இரண்டும் ஒத்துப்போகும்வரை பலமுறை பேசிக்கொள்ள வேண்டும். வேண்டுமென்றே அப்படி ஓட்டி, நாலைந்து படியில் எண்கள் கண்டபடி ஏறுவதைப் பார்த்தபோதுதான், இயற்கையில் அவை இரண்டும் தனித்தனி இல்லை என்பது எனக்கு உறைத்தது.

ஆனால் இது ஒரே ஒரு தகடு, அதுவும் இரண்டு பரிமாணத்தில். நிஜ உலையின் நீராவிக் கலத்தில் பத்தாயிரம் குழாய் இருக்கும். தண்ணீரும் நீராவியும் கலந்து கொதித்துக்கொண்டு மேலே ஏறும். இதை முழுசாக இருவழிப் பிணைப்போடு கணக்கிட இன்றைய கணினிகளிலும் நடைமுறையில் வழியில்லை. அதனால் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள். முதல் படியில், குழாய்க் கட்டு முழுவதையும் பஞ்சு மாதிரி ஒரு நுண்துளைப் பொருளாகப் பாவித்து, சராசரி வேகம், அடர்த்தி, நீராவியின் பங்கு ஆகியவற்றை ஒரு மென்பொருள் கணிக்கும். இரண்டாவது படியில், அந்த எண்களை எடுத்துக் கானர்ஸ் சூத்திரத்தில் போட்டு, ஒவ்வொரு குழாயும் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

குறுக்குவழி என்பதால் குறைவாக நினைக்க வேண்டாம். உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான கலங்கள் இந்த முறையில் வடிவமைக்கப்பட்டு ஒழுங்காக ஓடுகின்றன. கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: இதில் "எந்தத் திசையில் ஆடும்?" என்பதைக் கணினி கண்டுபிடிப்பதில்லை. அதை மனிதன் முன்கூட்டியே தீர்மானித்துச் சூத்திரத்துக்குள் போடுகிறான்.

சான் ஓனோஃப்ரே

லாஸ் ஏஞ்சலஸுக்கும் சான் டியாகோவுக்கும் நடுவே கடற்கரையோரம் இருந்த நிலையம். 2, 3 என்ற இரண்டு அலகுகள், சேர்ந்து சுமார் 2,200 மெகாவாட். ஒவ்வொரு அலகிலும் இரண்டு நீராவிக் கலங்கள். உலையைச் சுற்றிவரும் கதிரியக்கத் தண்ணீர் குழாய்களுக்கு உள்ளே போகும்; வெளியே இருக்கும் சுத்தமான தண்ணீர் அந்தச் சூட்டில் நீராவியாகி டர்பைனுக்குப் போகும். உள்ளே ஏறக்குறைய 155 பார் அழுத்தம், வெளியே அதில் பாதிகூட இல்லை. நடுவில் இருப்பது 19 மில்லிமீட்டர் பருமனுள்ள குழாயின் சுவர். தடிமன் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம். கதிரியக்கத்துக்கும் வெளியுலகுக்கும் நடுவில் உள்ள தடுப்புகளில் அதுவும் ஒன்று.

பழைய கலங்களின் குழாய்கள் அரிக்கத் தொடங்கியதால் 2010, 2011-ல் நாலு கலங்களையும் மாற்றினார்கள். செலவு 60 கோடி டாலருக்கும் மேல். தயாரித்தது மிட்சுபிஷி ஹெவி இண்டஸ்ட்ரீஸ். புதிய குழாய்கள் அலாய் 690 என்ற உலோகம். அரிப்பை நன்றாகத் தாங்கும், ஆனால் பழைய அலாய் 600-ஐவிட வெப்பத்தைக் கொஞ்சம் குறைவாகக் கடத்தும். அதே அளவு பெட்டிக்குள் அதே சூட்டைக் கடத்த வேண்டுமென்றால் குழாய் அதிகம் வேண்டும். அதனால் நடுவில் இருந்த தாங்குதூணை எடுத்துவிட்டு, 9,350 குழாய்களை 9,727 ஆக்கினார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனித்தனியே நல்ல காரணம் இருந்தது.

2012 ஜனவரி 31 அன்று 3-ம் அலகில் கதிரியக்கக் கசிவு தென்பட்டது. அளவு நாளைக்கு முந்நூறு லிட்டருக்குப் பக்கம். உரிமத்தில் அனுமதித்த எல்லையில் ஏறக்குறைய பாதி. உலையை உடனே நிறுத்தினார்கள். பொதுமக்களுக்கு ஆபத்து எதுவும் இல்லை. உள்ளே பார்த்தபோதுதான் அதிர்ச்சி. புதிய கலம் ஓடியது ஒரு வருஷம்கூட இல்லை. அதற்குள் முந்நூறுக்கும் மேற்பட்ட குழாய்கள் பக்கத்துக் குழாயோடு உரசித் தேய்ந்திருந்தன. சந்தேகமான 129 குழாய்களில் அழுத்தச் சோதனை செய்தார்கள். எட்டுக் குழாய்கள் தேறவில்லை. ஒரே உலையில் எட்டுக் குழாய்கள் சோதனையில் தோற்பது சாதாரணக் காரியம் இல்லை.

கொண்டை ஊசியும் புத்தகமும்

தேய்மானம் எல்லாம் கலத்தின் உச்சியில், குழாய்கள் தலைகீழ் 'ப' மாதிரி வளைந்து திரும்பும் இடத்தில் இருந்தது. ஒரு குழாயைப் பெரிய கொண்டை ஊசியாக நினைத்துக்கொள்ளுங்கள். அதை மேஜைமேல் படுக்க வைத்தால், இரண்டு விதமாக ஆடலாம். மேஜையைவிட்டு மேலும் கீழும் எழும்பி ஆடுவது ஒன்று. இதைத் தளத்துக்கு வெளியே ஆடுவது என்போம். மேஜைமேலேயே வழுக்கி இப்படியும் அப்படியும் ஆடுவது இன்னொன்று. இது தளத்துக்குள் ஆடுவது.

இந்த ஆட்டத்தைத் தடுக்க, குழாய் வரிசைகளுக்கு நடுவே தட்டையான உலோகப் பட்டைகள் செருகப்பட்டிருக்கும். புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவே கொண்டை ஊசியை வைத்து மூடுகிற மாதிரி. ஊசி பக்கவாட்டில் எழும்ப முடியாது, பக்கங்கள் தடுக்கும். ஆனால் பக்கங்களுக்கு இடையே அது வழுக்குவதை எது தடுக்கிறது? உராய்வு மட்டும்தான். புத்தகத்தை அழுத்திப் பிடித்தால் நகராது. லேசாகப் பிடித்தால் வழுக்கும்.

தளத்துக்குள் ஆட்டம் பற்றி அதுவரை யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. காரணமும் நியாயமானதே. எப்போதும் தளத்துக்கு வெளியே ஆடுவதுதான் முதலில் வரும். அதைத் தடுத்துவிட்டால் மற்றது வராது என்பது அனுபவம். 1987-ல் அமெரிக்காவின் நார்த் ஆன்னா, 1991-ல் ஜப்பானின் மிஹாமா ஆகிய உலைகளில் நீராவிக் குழாய் அறுந்ததுகூட, அதிர்வுத் தடுப்புப் பட்டை குழாய்க்குச் சரியாக எட்டாத இடங்களில்தான். பாடம் தெளிவாக இருந்தது: பட்டையை எல்லாக் குழாய்க்கும் எட்டும்படி வை, இடைவெளியைக் குறை. சான் ஓனோஃப்ரேயின் வடிவமைப்பாளர்கள் அந்தப் பாடத்தை நன்றாகவே படித்திருந்தார்கள். இடைவெளி பூஜ்யம் என்பதுதான் அவர்கள் இலக்கு.

ஆனால் உச்சியில் சூழல் மாறியிருந்தது. நீராவியின் பங்கு கனஅளவில் 99.6 சதவீதம்வரை போனது. அதாவது கிட்டத்தட்ட உலர்ந்த நீராவி, அதிக வேகத்தில். தண்ணீர் கலந்திருக்கும்போது அது குழாயின் ஆட்டத்தை நன்றாகத் தணிக்கும். தண்ணீருக்குள் கையை வேகமாக வீசிப் பாருங்கள், தெரியும். குழாய்க்கும் பட்டைக்கும் நடுவே இருக்கும் மெல்லிய நீர்ப்படலமும் தணிப்புக்கு உதவும். உலர்ந்துவிட்டால் இரண்டும் போச்சு. வேகம் ஏறிவிட்டது, தணிப்பு இறங்கிவிட்டது. தளத்துக்குள் பிடிமானம் இல்லாத குழாய்க்கு அந்தத் திசையில் இயல்பு அதிர்வெண்ணும் குறைவு. கானர்ஸ் சூத்திரத்தின் மூன்று அம்சமும் ஒரே பக்கம் சாய்ந்தன.

இதில் என்னை ரொம்ப யோசிக்க வைத்தது 2-ம் அலகோடு செய்த ஒப்பீடு. அதே வடிவமைப்பு, அதே தயாரிப்பாளர், இன்னும் அதிக காலம் ஓடியது. ஆனால் அங்கே குழாயும் குழாயும் உரசிய தடயம் இரண்டே குழாய்களில்தான் இருந்தது. ஏன்? இரண்டாவதாகச் செய்யப்பட்ட 3-ம் அலகின் கலங்களில் தயாரிப்பு நேர்த்தி கூடியிருந்தது. பட்டைகள் இன்னும் சீராக, குழாய்கள் இன்னும் துல்லியமாக. விளைவு, பட்டை குழாயை அழுத்தும் விசை குறைந்துபோனது. 2-ம் அலகில் இருந்த சின்னச் சின்னக் கோணல்கள்தான் குழாய்களை அழுத்திப் பிடித்துக் காப்பாற்றியிருக்கின்றன. வடிவமைப்பு எழுத்தில் இல்லாத ஒரு குறையை நம்பி ஓடிக்கொண்டிருந்தது. குறையைத் திருத்தியதும் விழுந்தது. பழைய கோடைச் சுத்தம் செய்யப் போய், எங்கோ சம்பந்தமில்லாத இடத்தில் புரொடக்‌ஷன் படுத்துக்கொண்ட அனுபவம் உள்ள எல்லாருக்கும் இது புரியும்.

எண் தப்பா, கேள்வி தப்பா?

அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் குழு விசாரித்தது. மிட்சுபிஷி பயன்படுத்திய ஃபிட்-3 என்ற ஓட்டக் கணிப்பு மென்பொருள், நீராவி-நீர் வேகத்தை மூன்று நாலு மடங்கு குறைத்துக் காட்டியிருந்தது என்று 2012 ஜூனில் அறிவித்தார்கள். அதே கலத்தை ஏதோஸ் என்ற இன்னொரு மென்பொருளில் போட்டுப் பார்த்தபோது வேகம் அந்த அளவு அதிகமாக வந்தது. பத்திரிகைகளில் "கணினிப் பிழை" என்று தலைப்பு வந்தது. கதை அதோடு முடிந்ததாகப் பலரும் நினைத்தார்கள்.

மிட்சுபிஷியின் மூலகாரண அறிக்கையைப் படித்தால் படம் கொஞ்சம் மாறுகிறது. வேகக் கணிப்பில் குறை இருந்தது உண்மை. ஆனால் திருத்திய எண்ணைப் போட்டாலும், தளத்துக்கு வெளியே ஆடுவதற்கான சோதனையில் போதுமான இடைவெளி இருந்திருக்கும் என்கிறார்கள். உலையும் அதையே சொல்கிறது. தளத்துக்கு வெளியே நிலைகுலைவு நடக்கவில்லை. அவர்கள் மூலகாரணமாகச் சொல்வது, தளத்துக்குள் நிலைகுலைவைச் சோதிக்க வேண்டும் என்ற கட்டாயம் வடிவமைப்பு நடைமுறையில் இல்லை என்பதை. தயாரிப்பாளர் தன்னைப் பற்றித் தானே எழுதிய அறிக்கை என்பதால் உப்புப் போட்டுத்தான் சாப்பிட வேண்டும். ஆனாலும் தர்க்கம் நிற்கிறது. கேட்கப்படாத கேள்விக்கு எவ்வளவு துல்லியமான எண்ணும் பதில் ஆகாது.

இன்னொன்றும் அந்த அறிக்கையில் உண்டு. நீராவியின் பங்கு முந்தைய வடிவமைப்புகளைவிட அதிகம் என்பது வடிவமைப்புக் காலத்திலேயே பேசப்பட்டிருக்கிறது. குறைக்கச் சில வழிகளும் யோசித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பக்கவிளைவு தெரிந்ததால் கைவிட்டிருக்கிறார்கள். அனுபவத்தின் வேலியைத் தாண்டுகிறோம் என்பது தெரிந்திருந்தது. தாண்டிய இடத்தில் பழைய சோதனைப் பட்டியல் போதுமா என்பதுதான் கேட்கப்படவில்லை.

2-ம் அலகை மட்டும் 70 சதவீதச் சக்தியில் ஐந்து மாதம் ஓட்டிப் பார்க்கிறோம் என்று நிலையத்தை நடத்திய சதர்ன் கலிஃபோர்னியா எடிசன் நிறுவனம் அனுமதி கேட்டது. முடிவு இழுத்துக்கொண்டே போனது. 2013 ஜூன் 7 அன்று இரண்டு அலகுகளையும் நிரந்தரமாக மூடுவதாக அறிவித்தார்கள். உரிமம் 2022 வரை இருந்தது. வேலை பார்த்த சுமார் 1,500 பேரை 400 ஆகக் குறைக்கப்போவதாகவும் சொன்னார்கள்.

மொன்ஜு: பதினாறு வருஷம் முன்பே

இதே பாடம் வேறு உருவத்தில் முன்பே ஒருமுறை வந்திருந்தது. ஜப்பானின் ஃபுகுய் மாகாணத்தில், சுருகா ஊரில் உள்ள மொன்ஜு ஒரு வேக ஈனுலை. தண்ணீருக்குப் பதில் உருகிய சோடியம் சூட்டைக் கடத்தும். நம்ம கல்பாக்கத்தில் 1985-லிருந்து இருக்கும் சோதனை ஈனுலையிலும் சோடியம்தான். 1995 டிசம்பர் 8, சக்தியைப் படிப்படியாக ஏற்றும் சோதனை; 40 சதவீதத்தில் இருந்தது. இரண்டாம் சுற்றுக் குழாயில் வெப்பநிலை பார்க்கச் செருகியிருந்த உறையின் நுனி முறிந்தது. அந்த வழியாகச் சுமார் 640 கிலோ சோடியம் வெளியே கொட்டி, காற்றுபட்டு எரிந்தது. இரண்டாம் சுற்று என்பதால் அது கதிரியக்கச் சோடியம் இல்லை.

உறை ஏன் முறிந்தது? அதைக் கடந்து சோடியம் ஓடும்போது சுழல் உதிரும். வடிவமைப்பாளர்கள் கார்மான் சுழலைக் கணக்கில் எடுத்திருந்தார்கள். இடது வலதாக மாறி மாறி உதிரும் அந்தச் சுழல், உறையை ஓட்டத்துக்குக் குறுக்கே ஆட்டும். எப்போது ஆட்டும் என்பதற்கு ஒரு எளிய அளவுகோல் உண்டு: திரவத்தின் வேகத்தை, கம்பியின் அதிர்வெண்ணையும் விட்டத்தையும் பெருக்கி வந்த எண்ணால் வகுங்கள். விடை 5-ஐ நெருங்கினால் குறுக்கு ஆட்டம் பலமாகும். மொன்ஜு அந்த ஆபத்திலிருந்து விலகியே இருந்தது.

ஆனால் விடை 1-ஐத் தாண்டும்போதே இன்னொன்று தொடங்கும். சுழல்கள் மாறி மாறி உதிராமல், இரண்டு பக்கமும் ஒரே சமயத்தில் சோடியாக உதிரும். அப்போது கம்பி குறுக்கே ஆடாது. ஓட்டத்தின் திசையிலேயே முன்னும் பின்னும் ஆடும். காற்றில் இது பெரும்பாலும் தெரியாது. தண்ணீர், சோடியம் மாதிரிக் கனமான திரவத்தில் தெரியும். மொன்ஜுவில் நடந்தது இதுதான். போதாததற்கு, உறை தடிமனிலிருந்து மெல்லியதாக மாறும் இடம் படிக்கட்டு மாதிரி வெட்டாக இருந்தது. தகைவு அங்கே குவிந்தது. களைப்பு வெடிப்பு அங்கேயே பிறந்தது.

ஓட்டத் திசையில் ஆடுவது அப்போது அறியாத விஷயமும் இல்லை. 1960-களின் கடைசியில் இங்கிலாந்தில், ஹம்பர் கழிமுகத்தில் இம்மிங்ஹாம் எண்ணெய்த் துறை கட்டும்போது, கடலில் ஊன்றிய தூண்கள் இப்படித்தான் முன்னும் பின்னும் ஆடின. அதை ஆராய்ந்து கட்டுரைகளும் வந்தன. ஆனால் அது துறைமுகம் கட்டுகிறவர்களின் உலகம். இது உலை கட்டுகிறவர்களின் உலகம். அறிவு ஒரு அலமாரியில் இருந்தது, தேவை வேறொரு அறையில் இருந்தது.

விபத்துக்குப் பிறகு ஜப்பானிய இயந்திரப் பொறியாளர் சங்கம் 1998-ல் குழாய்க்குள் இருக்கும் உருளை வடிவப் பாகங்களுக்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டது. அதில் ஓட்டத் திசை ஆட்டத்துக்கும் தனியாக எல்லை உண்டு. மொன்ஜுவுக்கு அது உதவவில்லை. கசிவைப் பதிவு செய்த வீடியோவின் பகுதிகளை மறைத்த விவகாரம் வெளியே வந்து மக்களின் நம்பிக்கை போனது. 2010-ல் சிறிது காலம் ஓடியது, வேறு பழுதுகள் வந்தன, 2016-ல் கலைக்க முடிவாயிற்று.

சிமுலேஷனை எப்படிப் படிப்பது

மென்பொருளில் இரண்டு கேள்விகளைப் பிரித்துச் சொல்வோம். எழுத நினைத்ததைச் சரியாக எழுதினோமா? எழுத வேண்டியதை எழுதினோமா? சிமுலேஷன் உலகத்திலும் இதே பிரிவு உண்டு. சமன்பாட்டைக் கணினி சரியாகத் தீர்க்கிறதா என்பது ஒன்று. அந்தச் சமன்பாடு நிஜத்தோடு ஒத்துப்போகிறதா என்று சோதனைக்கூட அளவீடுகளோடு ஒப்பிடுவது மற்றது. ஃபிட்-3 விவகாரம் இந்த இரண்டுக்குள் அடங்கும். ஆனால் சான் ஓனோஃப்ரேயின் மூலகாரணமும் மொன்ஜுவின் உறையும் இரண்டுக்கும் வெளியே நிற்கின்றன. டெஸ்ட் எழுதாத இடத்தில் எந்த டெஸ்டும் தோற்காது. ரிப்போர்ட் முழுக்கப் பச்சையாகத்தான் இருக்கும்.

"அப்படியானால் எல்லாத் திசையையும் தானே கண்டுபிடிக்கும் முழு இருவழி சிமுலேஷனைப் போட்டுவிடலாமே?" என்று கேட்கலாம். ஓரளவுக்கு நியாயம். சில குழாய்கள் கொண்ட சின்னக் கட்டை எடுத்து, குழாய் எந்தப் பக்கமும் ஆடச் சுதந்திரம் கொடுத்து ஓட்டும் ஆய்வுகள் இப்போது நிறைய நடக்கின்றன. திசையை நாம் சொல்லாமலே அது காட்டும் என்பது பெரிய லாபம். ஆனால் அங்கேயும் பட்டைக்கும் குழாய்க்கும் நடுவே உள்ள அழுத்தம் எவ்வளவு என்று யாரோ ஒருவர் எண் கொடுக்க வேண்டும். 2-ம் அலகையும் 3-ம் அலகையும் பிரித்த எண் அதுதான். வரைபடத்தில் அவை இரண்டும் ஒரே கலம். வரைபடத்தை மட்டும் வைத்துச் செய்த எந்தச் சிமுலேஷனும், எவ்வளவு பெரிய கணினியில் ஓடினாலும், இரண்டுக்கும் ஒரே பதிலைத்தான் கொடுத்திருக்கும்.

இதையெல்லாம் படித்த பிறகு "சிமுலேஷனை நம்பாதே" என்ற முடிவுக்கு நான் வரவில்லை. அது இல்லாமல் ஒரு பாலத்தைக்கூட இன்று கட்ட முடியாது. சான் ஓனோஃப்ரேயில் கசிவைச் சிறிதாக இருக்கும்போதே பிடித்த கண்காணிப்பும், உடனே நிறுத்திய ஒழுங்கும்கூடப் பாதுகாப்பு அமைப்பின் பகுதிகளே; அவை வேலை செய்தன. கணக்கு தவறினாலும் அடுத்த வேலி நின்றது. அணு உலைக்கு ஒரே கணக்கை நம்பாமல் வேலிக்குமேல் வேலி போடுவது ஏன் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் இல்லை.

ஆனால் யாராவது வண்ண வண்ணப் படங்களோடு ஒரு சிமுலேஷன் முடிவைக் காட்டினால், இப்போது நான் எண்ணைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் மூன்று விஷயம் கேட்கிறேன். எந்தத் திசையில் அசைய இதற்கு அனுமதி கொடுத்தீர்கள்? இதற்கு முன் ஓடிய இயந்திரங்களின் எல்லைக்குள் இது இருக்கிறதா, வெளியே போய்விட்டதா? இதைப் பிடித்து வைத்திருப்பது வரைபடத்தில் உள்ள தாங்கியா, எங்கும் எழுதி வைக்காத உராய்வா? மூன்றுக்கும் பதில் வந்த பிறகு படத்தைப் பார்க்கலாம். வண்ணங்கள் அதுவரை காத்திருக்கும்.